சென்னை மீனம்பாக்கத்தையே பெரிதாக்காமல் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் எதற்குப் புது விமான நிலையம்?

நம்ம தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1,350 மீட்டர் ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. சுற்றிலும் பொட்டல் காடு, அதனால் முடிந்தது.

மீனம்பாக்கத்தில் சிக்கலே வேறு. ஓடுதளம் இரண்டு உண்டு, ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் இறங்கும்போது மற்றதில் இன்னொன்று தன்பாட்டுக்குக் கிளம்ப முடியாது. சின்ன ஓடுதளத்தை நீட்டவே அடையாற்றின் மேல் பாலம் கட்ட வேண்டியிருந்தது. மிச்ச பக்கமெல்லாம் மலையும் வீடுகளும். புது முனையம் கட்டினால் பயணிகள் உட்கார இடம் கிடைக்கும், வானத்தில் வட்டமடிக்கும் விமானத்துக்கு என்ன கிடைக்கும்?

பரந்தூரில் ஒன்றையொன்று வெட்டாத இரண்டு இணை ஓடுதளங்கள் என்பது திட்டம். ஏரியும் வயலும் போகிறதே என்று அங்குள்ள ஏகனாபுரம் ஊர்க்காரர்கள் 2022 முதல் போராடுவதிலும் நியாயம் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் நிலம் கேட்டிருந்தால் நாம் மட்டும் விட்டிருப்போமா?

அப்புறம், மீனம்பாக்கத்தை மூடப்போவதாகத் திட்டம் இல்லை. இரண்டும் இயங்கும் என்றுதான் அரசு சொல்லியிருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்: வாகைகுளத்தில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குபவருக்கு வெளிநாட்டு விமானம் பரந்தூரில் என்றால், பெட்டியோடு சாலையில் அலைய வேண்டும். அதற்குத் திருவனந்தபுரமே தேவலை.