நழுவாத நடன உடை: பால்ரூம் உடைத் தையல் கேள்வி பதில்

ஜோடியாக ஆடும் பால்ரூம், லத்தீன் நடனங்களுக்கான உடைகளைத் தைப்பதும், பிறர் தைத்ததைப் பிரித்துச் சரி செய்வதும்தான் என் வேலை. உடை நழுவுகிறது, குத்துகிறது, காலில் மாட்டுகிறது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜோடியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதுமே உடை மேலே ஏறிவிடுகிறது. கையை இறக்கினால் தோள்பட்டி நழுவி விழுகிறது. பட்டியை இறுக்கித் தைத்தும் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

பட்டியை விடுங்கள், கோளாறு அங்கே இல்லை. நடன உடையைத் தோளில் தொங்கவிட முடியாது. அதைக் கீழேயிருந்து பிடித்துவைக்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஒரு பாடிசூட் வைத்துத் தைக்கிறோம், நீச்சலுடை போல. பாவாடை, மேல்துணி, பளபளப்புக்கு ஒட்டும் கல் எல்லாம் அதன் மேல்தான் ஏறி உட்காரும். உங்கள் உடைக்குள் அது இல்லை என்றால், எத்தனை பட்டி வைத்தாலும் கையைத் தூக்கும்போது உடை கூடவே எழும்.

பாடிசூட் இருந்தும் ஏறுகிறதா? அப்படியானால் அளவு பாருங்கள். தோளின் நடுவில் டேப்பை வைத்து, மார்பு வழியாகக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகில் ஏற்றி அதே தோளுக்குக் கொண்டு வாருங்கள். இந்தச் சுற்றளவை எடுக்காமல் தைப்பதால் வரும் தொல்லைதான் பாதி. நிமிர்ந்து நின்று ஒரு முறை, பிடியில், அதாவது ஜோடியைப் பிடித்தபடி, நிற்பது போல் முழங்கைகளைத் தூக்கி ஒரு முறை எடுங்கள். பாடிசூட் நீளம் குறைந்தால் தோளில் பட்டி வெட்டும், கழுத்து கீழே இறங்கும், தொடை ஓரம் அறுக்கும். அதிகமானால் பட்டி நழுவும். குறைவாக இருந்தால் முழு உடையையும் பிரிக்க வேண்டாம். கவட்டுப் பகுதியில் பாடிசூட் தைத்த அதே லைக்ராவில், அந்த இழுபடும் துணியில், ஒரு துண்டு சேர்த்தால் போதும். அதிகமாக இருந்தால் அங்கேயே பிடித்துத் தையுங்கள்.

தொடை ஓர எலாஸ்டிக்கையும் பாருங்கள். சுற்றிலும் ஒரே இழுப்பில் தைத்திருந்தால் ஆடும்போது பின்பக்கம் ஏறும். முன்பக்கம் எலாஸ்டிக்கை இழுக்காமல் வைத்து, பின்பக்கம் நன்றாக இழுத்துத் தைக்க வேண்டும்.

கேள்வி: ஆடிக்கொண்டிருக்கும்போதே முதுகு ஜிப் திறந்துகொண்டது. பெரிய ஜிப் போடட்டுமா?

பெரிய ஜிப் போட்டாலும் திறக்கும். உடையின் இழுப்பு முழுவதையும் ஜிப்பின் மேல் போடுவதுதான் தவறு. இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில், உள்ளே, விரல் அகல நாடா ஒன்றைச் சுற்றி வைத்து முனையில் கொக்கி தையுங்கள். உடையோடு நாடாவை ஆங்காங்கே மட்டும் பிடித்துத் தைத்தால் போதும். உடுத்தும்போது முதலில் இந்த நாடா, பிறகு ஜிப், கடைசியில் ஜிப்பின் தலையில் ஒரு கொக்கி. நாடாவை மாட்டியதும் ஜிப் தானாக வழுக்கிக்கொண்டு ஏறினால் சரி. அப்போதும் இழுத்துப் போட வேண்டியிருந்தால் உடைதான் சிறிது.

கேள்வி: முதுகு முழுவதும் திறந்த லத்தீன் உடை. உள்ளே பிரா போட முடியாது. ஒட்டும் டேப்பை நம்பலாமா?

டேப் ஓரத்தைத் தோலோடு ஒட்டிவைக்கும், எடையைத் தாங்காது. வியர்த்தால் அதுவும் போச்சு. பிரா கப்பை உடைக்குள்ளேயே தைத்துவிடுங்கள். ஓரத்தை மட்டும் தைத்தால் சுருண்டுகொள்ளும். அடிப்பக்கம் ஒரு எலாஸ்டிக் கொடுத்து, அது விலா எலும்பைச் சுற்றிப் பிடிக்கும்படி வையுங்கள். கப்பின் இடத்தை உடையைப் போட்டுக்கொண்டு குறியுங்கள், மேசையில் வைத்துக் குறித்தால் சரிவராது. முதுகில் திறப்பு இருக்கும் இடத்தில் தோல் நிற நெட் போட்டால் பக்கங்கள் விலகாது. நெட்டை வெட்டும்போது திறப்பைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி இழுத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் குனியும்போது பை போலத் தொங்கும்.

கேள்வி: என் ஜோடி ஆடி முடித்ததும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிறார், கை எல்லாம் சிராய்ப்பு. என் உடையில் கல் அதிகம்தான். எல்லாவற்றையும் எடுத்துவிடட்டுமா?

வேண்டாம். உரசுகிற இடங்கள் மூன்றுதான். உங்கள் இடது கை அவருடைய வலது மேல்கையில் படிந்திருக்கும், அதனால் இடது கையின் அடிப்பக்கம். அவருடைய வலது கை இருக்கும் இடது தோள்பட்டை எலும்பு. அப்புறம் உடலோடு உடல் படும் வலது முன்பக்கம். இந்த மூன்றிலும் கல்லே வேண்டாம், அழகு குறையாது. அங்கேதான் அவர் நிற்கிறாரே, யார் பார்க்கப்போகிறார்கள்?

உங்களுக்கே உள்ளே குத்தினால் அது பசையின் வேலை. பசை மெல்லிய துணியில் ஊறி உள்பக்கம் இறுகிவிடும். அங்கே மென்மையான லைனிங் ஒன்று கொடுங்கள். லைக்ராவில் கல் ஒட்டும்போது துணி உடம்பில் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்து வைத்து ஒட்டுங்கள். தளர்ந்த துணியில் ஒட்டினால் பசை அதைப் பூட்டிவிடும், போடும்போது கல் தெறிக்கும்.

கேள்வி: வால்ட்ஸ் நடனத்தில் பின்னால் போகும்போது குதிகால் பாவாடையில் மாட்டுகிறது.

விளிம்பை நேராக நின்று குறித்திருப்பீர்கள். பிடியில் மேலுடல் பின்னால் சாயும்போது முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இறங்கும். ஆடும் ஷூவைப் போட்டு, பிடியில் நின்று, வேறொருவரைக் கொண்டு குறியுங்கள். ஷிஃபான் பாவாடை என்றால் வெட்டியதும் மடிக்காதீர்கள். ஓரிரு நாள் தொங்கவிடுங்கள், குறுக்கு வாட்டத்தில் இறங்க வேண்டியது இறங்கட்டும். ஷூ பக்கிளின் நுனியையும் தடவிப் பாருங்கள். மெல்லிய துணியில் இழை பிடுங்குவது பல நேரம் அதுதான். விளிம்புக்குள் வைக்கும் விறைப்புப் பட்டியின் வெட்டிய முனை காலைக் கீறும், அதை ரிப்பன் துண்டால் மூடித் தையுங்கள்.

கேள்வி: மணிக்கட்டிலிருந்து தொங்கும் ஷிஃபான் துணி ஜோடியின் கையில் சிக்குகிறது.

தைத்து நிறுத்தாமல் பிரஸ் பட்டனில் மாட்டுங்கள். சிக்கினால் கழன்று போகட்டும், கை தப்பும்.

கேள்வி: ஆண்களுக்கு எதுவும் இல்லையா? லத்தீன் ஆடும்போது சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.

ஏன் இல்லை! அதே வைத்தியம்தான். சட்டையின் அடியில் ஜட்டி போன்ற பகுதியைச் சேர்த்துத் தைத்த சட்டைகள் நடனத்துக்கென்றே உண்டு. பின்னால் வால் போல் நீளும் டெயில்கோட்டை மட்டும் கையைத் தூக்கிய நிலையில் பாருங்கள். ஆடும் பிடிக்காக வெட்டிய கோட்டில் கையைத் தொங்கவிட்டால் சுருக்கம் விழும், அது குறையல்ல.

கேள்வி: வியர்வை நாற்றம். டிரை கிளீனிங் கொடுக்கலாமா?

கல் ஒட்டிய உடையைக் கொடுக்காதீர்கள். அந்த ரசாயனம் பசையை இளக்கிவிடும். அக்குளில் பிரித்தெடுத்துத் துவைக்கிற மாதிரி துணிப் பட்டை வைத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். துவைத்தே ஆக வேண்டும் என்றால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, கையால் மட்டும். சாயம் போகிறதா என்று உள்தையல் ஓரத்தில் முதலில் பாருங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பிக் காய வையுங்கள். நனைந்த கல் உடையைத் தோளில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுபோகும். காய்ந்த பிறகும் அப்படித்தான். இடுப்பில் உள்ளே இரண்டு நாடா வளையங்கள் தைத்து, அவற்றை ஹேங்கரில் மாட்டுங்கள்.