கீழ்த் தட்டில் ஈரம், மேல் தட்டில் வறட்சி: சுருட்டு அலமாரிக்கு என்ன செய்வது?

கேள்வி: சுருட்டுகள் காயாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் ஹ்யூமிடார் ஒன்றை அலமாரி வடிவில் வைத்திருக்கிறேன். ஈரமூட்டி அடித்தட்டில் இருக்கிறது. கீழே ஈரப்பதம் 74 சதவீதம். மேல் தட்டில் 61-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன், ஆனாலும் மேலே உள்ள சுருட்டுகள் காய்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் அலமாரியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அது மேலே போய்ச் சேரவில்லை. இன்னும் ஊற்றினால் கீழ்த் தட்டில் பூசணம்தான் பிடிக்கும்.

மேலும் கீழும் ஈரப்பதம் காட்டும் அந்த இரண்டு மீட்டர்களும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையவிடாமல் ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதோடு இரண்டு மீட்டர்களையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். ஒன்று 71 காட்டினால், அது காட்டும் எண்ணோடு எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மீட்டர்கள் சரி என்றால், காற்றோட்டம்தான் கோளாறு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன விசிறி ஒன்றை ஈரமூட்டிக்குப் பக்கத்தில், மேல்நோக்கி வீசும்படி வைத்து, மணிக்குச் சில நிமிடம் ஓடவிட்டால் போதும். ஆனால் காற்று ஏற வழி வேண்டுமே! பெட்டிகளைப் பின்சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தட்டுகள் முழுப் பலகையாக இருந்தால் இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்த தட்டாக மாற்றுங்கள்.

மேல் தட்டுக்கு அருகில் விளக்கு எரிகிறதா? காற்று சூடேறினால், அதே அளவு ஈரம் இருந்தாலும் ஈரப்பத எண் இறங்கும். சூடு தராத விளக்காக மாற்றிவிடுங்கள். வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 25-ஐ நெருங்கினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கும் ஆபத்து கூடும்.

கதவையும் கவனியுங்கள். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறது. கண்ணாடிக் கதவுகளில் இது அடிக்கடி நடக்கும், மேல் மூலைகளை விட்டுவிடாதீர்கள்.

ஈரமூட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரின் உப்புகள் படிந்து அதை அடைத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். உள்ளே பலகையாக இருக்கும் சீடர் (cedar) மரமும் ஈரத்தைக் குடித்துத்தான் நிதானத்துக்கு வரும். எல்லாத் தட்டுகளும் 65-க்கும் 70-க்கும் இடையில் நின்றால் சரி. எனக்கு 67 பிடிக்கும்.

அப்புறம், காய்ந்த சுருட்டுகளை அவசரப்பட்டுக் கீழ்த் தட்டுக்கு மாற்றாதீர்கள். உள்புகையிலை திடீரென உப்பினால் மேலிலை வெடித்துவிடும். நடுத் தட்டில் சில வாரம் விட்டு, மெதுவாக விரலால் அழுத்திப் பாருங்கள். சருகு போல நொறுங்கும் சத்தம் போய், லேசாக அமுங்கி மீண்டால், அவை தேறிவிட்டன.