புல்தரையை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம்? கொங்கு மண்ணுக்குக் கேள்வி பதில்

புல்தரை, மூடாக்கு (மண்ணை மூடிப் போடும் இலை, சருகு) இரண்டுக்கும் பதிலாக நம்ம ஊர்த் தரைச்செடி வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். வெயிலா நிழலா, கால் படுமா, தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் செடிப் பெயர் மட்டும் சொல்ல முடியாதுங்க.

சரவணம்பட்டி: அண்ணா, வீட்டு முன்னால் மெக்சிகன் புல். முழு வெயில். தினமும் தண்ணீர் கேட்கிறது, போர் தண்ணீரோ உப்பு. வேறு என்ன வைக்கலாம்?

பொடுதலை வையுங்கள் தம்பி. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் கரைகளிலும் குளத்து ஓரங்களிலும் தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னக் குச்சி நுனியில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருக்குமே, அதுதான். தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிப்பார்கள். கொஞ்சம் உப்பைத் தாங்கும், வெயில்தான் வேண்டும், லேசான நடமாட்டத்தையும் பொறுத்துக்கொள்ளும். விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி, முக்கால் அடி இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கிற வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், அப்புறம் ஒவ்வொரு கணுவும் தானாகவே வேர் விட்டு நகரும். கோடையில் தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் பழுப்படிக்கும், மழைக்குத் திரும்பத் தளிர்க்கும். அந்தப் பழுப்பைப் பொறுக்க முடியாதவர்களுக்கு எந்த நாட்டுச் செடியும் சரிப்படாது. பூ நேரத்தில் தேனீ நிறைய வரும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமானால் பூவை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

பொள்ளாச்சி: தென்னைக்கு நடுவில் வைக்க நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒன்று கொடுத்தார்கள். வேகமாகப் பரவுகிறது. சரிதானே அக்கா இதெல்லாம்?

(அண்ணாதாங்க, பரவாயில்லை.) வேகமாகப் பரவுகிறது என்றதுமே எனக்குச் சந்தேகம். இலையைப் பாருங்கள். தடித்து, பளபளப்பாக, மூன்று பிரிவாகப் பிளந்த மாதிரி இருந்தால் அது வெடேலியா. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. உலகத்தின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணியும் இதே குடும்பம், பூவும் மஞ்சள், ஆனால் இலை நீளமாக, ஒடுக்கமாக, சொரசொரப்பாக, பிளவு இல்லாமல் இருக்கும். வெடேலியா வாய்க்காலுக்குள் இறங்கினால் ஊரே பார்க்க வேண்டியதுதான். தண்டு ஒரு துண்டு விட்டாலும் முளைக்கும் என்பதால் வேரோடு பிடுங்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள், குப்பைக்குழியில் பச்சையாகப் போடாதீர்கள்.

திருப்பூர்: அருகம்புல்லே போதாதா?

போதும். வெயில் தாங்கும், மிதி தாங்கும், ஆடும் தின்னும். ஆனால் "அருகுபோல் வேரூன்றி" என்பது கல்யாண வாழ்த்துக்குத்தான் நல்லது, காய்கறிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் அழுகைதான். நடுவில் கல் பதித்த தடுப்பு ஒன்று வையுங்கள்.

தாராபுரம்: சரளைச் செம்மண், பாசனமே கிடையாது. தோட்டத்து வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் வெறுந்தரை.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தாலே விடை இருக்கிறதுங்க. முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். இந்தப் புல்தான் மழையை மட்டும் நம்பி நிற்கும், மாட்டுக்கும் மேய்ச்சல். முழங்காலுக்கு மேல் வளரும், எனவே வீட்டை ஒட்டி வேண்டாம், தள்ளி விதையுங்கள். அன்றைக்கே பறித்த விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதையை மேலாகத் தூவி லேசாகக் கிளறிவிட்டால் போதும். வீட்டுக்கு அருகில் விஷ்ணுகிராந்தி, செருப்படை இரண்டும் தானாக வரும், களை என்று கொத்தாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

அவிநாசி: நெருஞ்சில் மஞ்சளாகப் பூத்து அழகாக இருக்கே, விடலாமா?

சைக்கிள் டியூபைக் கேட்டுப் பாருங்கள் அம்மிணி.

ஈரோடு: மாமர நிழல், ஒன்றும் வளர மாட்டேன் என்கிறது.

ஈரம் நிற்கிற ஓரம் என்றால் வல்லாரை. காய்ந்த நிழலா, உதிர்ந்த மாவிலையை அப்படியே விடுங்கள், அதுவே மூடாக்கு. எல்லா இடமும் பச்சையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வல்லாரையைச் சமைப்பதாக இருந்தால் சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கோபி: பாம்பு வராதாங்க?

எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமும்தான். பாம்பு எலியைத் தேடித்தான் பெரும்பாலும் வரும், அதனால் கல் குவியல், விறகு அடுக்கு, சிந்திய தீனி இவற்றை முதலில் ஒழியுங்கள். கணுக்கால் உயரத்துக்கு மேல் வளராத செடிகளை மட்டும் வீட்டை ஒட்டி வையுங்கள். வாசலில் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வெறும் மண்ணாகவே விட்டு, பெரியவர்கள் செய்ததுபோல் சாணி தெளித்துக் கூட்டி வைத்தால் எது ஊர்ந்து வந்தாலும் கண்ணில் படும். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

கரூர்: எப்போது நடுவது? தரை முழுக்கக் கோரை.

கோரை இருக்கும்வரை எதையும் நடாதீர்கள், கிழங்கு ஒன்று தங்கினாலும் செடிக்குள் புகுந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. சித்திரை வெயிலில் ஆழமாகக் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்கள், கோடை மழைக்கு மீதி முளைக்கும், திரும்பவும் பொறுக்குங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் நடலாம். பொள்ளாச்சிக்காரர்கள் மட்டும் ஆனி, ஆடிச் சாரலிலேயே நட்டுவிடலாம்.