வாரா வாரம் போடுற ஊசிக்கு ஆறு பவுன அடகு வைக்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல என் வீட்டுக்காரர் சின்னதா கமிஷன் கடை வச்சிருக்காரு. வயசு 44, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. சுகர், பிபி ரெண்டும் இருக்கு, முட்டி வலி வேற. எடை குறைய மவுன்ஜாரோ ஊசி வாரம் ஒண்ணு போடலாம்னு டாக்டர் சொல்றாரு. மாசம் 14,000ல ஆரம்பிச்சு 17,500 ஆகுமாம். எங்க வருமானம் சராசரி 48,000, வீட்டுச் செலவு 31,000, சீட்டு 5,000. மக பிளஸ் டூ படிக்கிறா, அவ காலேஜுக்குத்தான் அந்த 2 லட்சம் சீட்டு. என்கிட்ட 6 பவுன் இருக்கு, அதுக்கு பேங்க்ல 2.5 லட்சம் தர்றேங்குறாங்க. ஆறு மாசம் ஊசி போட்டு எடையக் குறைச்சிட்டு பெறகு நிப்பாட்டிரலாம்னு நெனைக்கிறேன். கொழுந்தனார் "வாயக் கட்டுனா சரியாப் போகும், இதுக்குப் போயி நகையவா"ன்னு சத்தம் போடுறாரு. நாலு வருஷமா 5 லட்சத்துக்கு குடும்ப ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுறோம், அதுல ஊசிக்கு காசு கெடைக்குமா? கணக்கு நோட்ட போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். (வண்டியூர் வாசகி, 2026 ஜனவரி)

பதில்: தங்கச்சி, நகைய இதுக்கு அடகு வைக்காதீங்க. முதல்ல அதச் சொல்லிடுறேன், ஏன்னா தை மாசம் கையில காசு பொழங்குது, சூட்டோட சூடா பேங்குக்குப் போயிருவீங்களோன்னு பயமா இருக்கு. ஊசியே வேணாம்னு நான் சொல்லல, அது வேற பேச்சு, அதுக்கும் வர்றேன்.

உங்க திட்டத்துல நிக்காம ஆடுற எடம் "ஆறு மாசம் போட்டு நிப்பாட்டிரலாம்"ங்கிறதுதான். இதே மருந்த வச்சே ஒரு ஆய்வு பண்ணி 2023ல வெளியிட்டாங்க. 36 வாரம் போட்டவங்களுக்கு சராசரியா 20.9% எடை குறைஞ்சது, அதுக்கப்புறம் பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் ஊசிய குடுத்து 52 வாரம் பாத்தாங்க, எடை திரும்ப 14% ஏறிருச்சு. உங்க வீட்டுக்காரர் எடையில போட்டுப் பாருங்க, 118 கிலோ 93க்கு வந்து அப்புறம் திரும்ப 106க்குப் போன மாதிரி. அதுவும் அவங்க போட்டது 10, 15 மில்லிகிராம் பெரிய டோஸ், டாக்டர் உங்களுக்குச் சொன்ன 17,500 அந்த டோஸுக்கான விலை இல்ல, 5 மில்லிகிராமுக்கு உள்ள விலை, டோஸ் கூடக் கூட விலையும் கூடும். அந்த ஆய்வுல சுகர்காரங்க யாரும் இல்ல, சுகர் இருக்கவங்களுக்கு குறையிறது இதவிடக் கம்மியாத்தான் இருக்குன்னு வேற ஆய்வுல பாத்திருக்காங்க.

ஆக இது ஒரு தடவ காசு கட்டி முடிக்கிற ஆபரேஷன் மாதிரி இல்ல, பிபி மாத்திரை மாதிரி, போடுற வரைக்கும் வேலை செய்யும். மாசாமாசம் வர்ற வாடகைன்னு வச்சுக்கங்க. வாடகைய யாராவது நகைய வச்சு கட்டுவாங்களா?

கணக்கப் பாப்போம். 2025 மார்ச்ல இந்த மருந்து இந்தியாவுக்கு வந்தப்ப 2.5 மில்லிகிராம் ஒரு ஊசி 3,500 ரூபா, 5 மில்லிகிராம் 4,375. முத நாலு வாரம் சின்ன டோஸ், மிச்சம் 5லயே நிப்பாட்டுனாலும் ஆறு மாசத்துக்கு 1,10,250, ஒரு வருஷத்துக்கு 2,24,000. நகைக்கு வர்ற 2.5 லட்சம் ஒரே வருஷத்துல கரைஞ்சிரும், 10% வட்டின்னு வச்சாக்கூட வருஷத்துக்கு 25,000 தனி. இப்ப மாசம் உங்க கையில நிக்கிறது 12,000, ஊசியே 17,500, அப்ப வட்டி கட்டி நகையத் திருப்ப காசு எங்கேருந்து வரும்? அடகு வச்ச நகை திரும்பணும்னா பின்னாடி ஒரு மாசமாவது மிச்சம் விழணும், இங்க மிச்சம் விழவே வழி இல்ல, கடைசியில ஏலத்துக்குத்தான் போகும். அதுக்கு வித்துருங்கன்னே சொல்லுவேன், நெசமாத்தான் சொல்றேன். சிகிச்சை தள்ளிப்போடவே முடியாதுன்னு டாக்டர் உறுதியாச் சொன்னா ரெண்டு பவுன வித்து ஆரம்பிங்க, மனசு வலிக்கும், ஆனா வட்டி ஓடாது, மிச்ச நாலு பவுன் பீரோவுல இருக்கும்.

இப்ப உங்க நோட்டுக்கு வர்றேன், ரொம்ப நேரம் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 48,000 சராசரிதான், ஆனா போன வருசம் தையில 94,000 நின்னிருக்கு, ஆடியில 23,000. பூ யாவாரம் அப்படித்தான், பனி நேரத்துல வரத்து கொறஞ்சு மல்லி கிலோ ஆயிரக்கணக்குல ஏறும், முகூர்த்தம் சேந்தா இன்னும் ஏறும், கோடையில வந்து குவியும் கேக்க ஆளிருக்காது. ஊசிக்கு இந்த ஏத்த எறக்கம் தெரியாதே. ஆடி மாசம் காசு இல்லன்னு மூணு நாலு வாரம் விட்டுட்டீங்கன்னா விட்ட எடத்துலேருந்து அப்படியே தொடர விட மாட்டாங்க, பெரும்பாலும் திரும்ப சின்ன டோஸ்லேருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, போட்ட காசுல பாதி வீண். சம்பளக்காரங்களுக்கு வர்றத விட உங்க மாதிரி யாவாரிகளுக்கு இந்த மருந்துல கஷ்டம் கூட, இத யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

அதனால சராசரிய வச்சு முடிவு பண்ணாதீங்க, ஆடி மாசத்த வச்சு முடிவு பண்ணுங்க. தனியா ஒரு சேமிப்பு கணக்கு தொடங்குங்க, தை, மாசி, பங்குனியில மிச்சம் விழுறத அதுல தள்ளுங்க, பூராத்தையும் இல்ல, அவசரத்துக்குன்னு ஒரு ரெண்டு மாச வீட்டுச் செலவு கைவசம் நின்ன பெறகு. அந்த கணக்குல ஒரு வருசத்து மருந்து காசு சேந்தப்புறம் ஆரம்பிச்சா ஆடி வந்தாலும் நிக்காது. மாசம் 17,500 விலைக்கு இது நடக்காதுன்னு எனக்கே தெரியும், ஆனா விலை இப்படியே இருக்கப்போறதில்ல.

செமாக்ளூடைடுன்னு இதே வகையில இன்னொரு மருந்து இருக்கு, வெகோவிங்கிற பேர்ல 2025 ஜூன்ல வந்தப்ப ஆரம்ப டோஸ் மாசம் 17,345, அதே வருசம் நவம்பர்ல 10,850 ஆயிருச்சு. செமாக்ளூடைடோட காப்புரிமை இந்தியாவுல 2026 மார்ச்ல முடியுது, நம்மூரு கம்பெனிங்க பல பேரு தயாரிக்க ரெடியா நிக்கிறாங்க. இதுக்கு முன்னாடி நடந்ததப் பாருங்க, எம்பாக்ளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை, ஒண்ணு 60 ரூபா கிட்ட வித்துச்சு, 2025 மார்ச்ல காப்புரிமை முடிஞ்சதும் சில கம்பெனி 10 ரூபாய்க்கும் கீழ குடுத்துச்சு. ஊசியில அம்புட்டு இறங்கும்னு சொல்ல மாட்டேன், ஊசி போடுற பேனா, ஃபிரிட்ஜ்ல வச்சு அனுப்புற செலவெல்லாம் இருக்கு. ஆனா ரெண்டு மாசத்துல விலை மாறப்போற சாமானுக்கு இன்னைக்கு நகைய வைக்கிறது சரியில்ல. டாக்டர்கிட்ட இத அப்படியே கேளுங்க: "சார், செமாக்ளூடைடு இவருக்கு ஒத்துக்குமா, விலை இறங்குற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் பொறுக்கலாமா, அதுவரைக்கும் எடை ஏத்தாத வேற சுகர் மாத்திரை இருக்கா?" நல்ல டாக்டர் இதுக்கு கோவப்பட மாட்டாரு. இன்னொரு டாக்டர்கிட்ட கேக்கணும்னா பெரியாஸ்பத்திரியில சுகர் ஓபி இருக்கு, காசு ஆகாது, கூட்டமா இருக்கும், வெள்ளன போங்க.

இன்சூரன்ஸ். ஊசிக்கு கெடைக்காது, வீட்ல இருந்து போடுற மருந்துக்கு சாதாரண பாலிசி தராது. ஆனா நீங்க கேக்காத ஒண்ணு அதுல இருக்கு. எடை குறைப்புக்கு செய்யிற ஆபரேஷன் எல்லாத்தையும் பாலிசி ஒதுக்குறதில்ல. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு கூடன்னு பாக்குற கணக்கு) 40க்கு மேல இருந்தாலோ, இல்ல 35க்கு மேல இருந்து கட்டுப்படாத சுகர், இதய நோய், தூக்கத்துல மூச்சு அடைக்கிறது மாதிரி இருந்து மத்த சிகிச்சை பலிக்காம போயிருந்தாலோ டாக்டர் எழுதிக் குடுத்தா ஏத்துக்கணும்னு விதி. உங்க வீட்டுக்காரர் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ 42 கிட்ட வருது. கத்தி வைக்கச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, அது டாக்டர் முடிவு, லேசான விசயமும் இல்ல, ஆனா ஊசி, ஆபரேஷன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யோசிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒண்ணுக்கு உங்க கைக்காசு, இன்னொண்ணுக்கு நாலு வருசமா நீங்க கட்டுன பிரீமியம். பாலிசி எடுக்குறப்ப சுகர் இருக்குன்னு எழுதுனீங்களா, இன்னைக்கு ராத்திரியே அந்த ஃபாரத்த எடுத்துப் பாருங்க. எழுதாம விட்டிருந்தா மறைக்காம எனக்குச் சொல்லுங்க, என்ன செய்யலாம்னு பாப்போம். புதுப்பிக்கிற தேதிய மட்டும் எந்தக் காரணத்துக்கும் தவற விடாதீங்க, 2025 செப்டம்பர்லேருந்து தனிநபர், குடும்ப பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல, பிரீமியம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கொழுந்தனார் சொல்றத பூராவும் தள்ளவும் முடியாது, ஏத்துக்கவும் முடியாது. அவரு பயப்படுறதுல அர்த்தம் இருக்கு, எடை குறைப்பு மாத்திரைக்கு கெட்ட வரலாறு உண்டு, சிபுட்ரமின்னு ஒண்ணு நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, இதயத்துக்கு ஆபத்துன்னு தெரிஞ்சு 2011ல இந்தியாவுல தடை பண்ணுனாங்க. இப்ப வந்திருக்க மருந்து அந்த வகை இல்ல. ஏற்கனவே இதய நோய் இருந்த 17,604 பேருக்கு செமாக்ளூடைடு வச்சு ஆய்வு பண்ணி 2023ல சொன்னாங்க, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேத்து 20% கொறஞ்சிருக்கு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் நெறைய பேருக்கு வரும், பித்தப்பைக் கல்லு, கணையத்துல வீக்கம் கொஞ்சம் பேருக்கு வரலாம், அதனாலதான் டாக்டர் கண்காணிப்பு வேணும்ங்கிறது. ஜிம்லயும் பார்லர்லயும் ஆன்லைன்லயும் "பாதி விலைக்கு தர்றேன்"னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க, பில்லும் பேட்ச் நம்பரும் இல்லாத ஊசி வேணாம், ஃபிரிட்ஜ்ல இல்லாம வெயில்ல கெடந்து வந்த ஊசியும் வேணாம்.

ஆனா "வாயக் கட்டு"ங்கிறத என்னால ஏத்துக்க முடியல தங்கச்சி. உங்க நோட்டுல தினமும் ஒரு வரி இருக்கு, "டீ, புரோட்டா 210". மாசம் 26 நாள் போட்டா 5,460 ரூபா. கொழுந்தனார் கண்ணுல அது பட்டா அதயே புடிச்சுக்கிட்டு சண்டைக்கு வருவாரு. ராத்திரி ஒரு மணிக்கு எந்திருச்சு மூட்டை எறக்கி, விடியுறதுக்குள்ள ஏலம் முடிச்சு, பட்டுவாடா பண்ணிட்டு காலையில ஒம்பதுக்கு வீட்டுக்கு வர்ற மனுசன், அந்த நேரத்துல தெறந்திருக்க கடையில இருக்கிறதத்தான் திங்க முடியும். இருபது வருசம் தூக்கத்த வித்து குடும்பம் நடத்துன ஒடம்பு அது, அதுக்கு பசியும் சுகரும் தாறுமாறா இருக்கிறது ஒழுக்கக் குறைச்சல் இல்ல. அந்த 210 ரூபாய மிச்சம் புடிக்கிற கணக்கா பாக்காதீங்க, அவருக்கு தூக்குவாளியில முட்டையும் சுண்டலும் குடுத்துவிட்டு பாருங்க, ஊசி போட ஆரம்பிச்சாலும் எடையோட சேந்து சதையும் கொறையும்ங்கிறதால அந்த சாப்பாடு எப்படியும் தேவைப்படும்.

சீட்ட தொடாதீங்க. அது பாப்பா காசு, ஜூன் மாசம் காலேஜுக்காரங்க ஒரு வாரம்கூட பொறுக்க மாட்டாங்க. சுகர், பிபி மாத்திரைக்கு இப்ப மாசம் எவ்வளவு ஆகுதுன்னு நோட்டுல எங்கயும் காணோம், வீட்டுச் செலவு 31,000க்குள்ள கலந்து கெடக்குன்னு நெனைக்கிறேன், அத தனியா பிரிச்சு எழுதுங்க. முதல்வர் மருந்தகத்துல அதே மருந்து கெடைக்குதான்னு டாக்டர் எழுதுன மருந்துச் சீட்டக் குடுத்து கேளுங்க, அங்க மிச்சமாகுறது நேரா அந்த சேமிப்பு கணக்குக்குப் போகட்டும். டாக்டர் என்ன சொன்னாரு, பாலிசி ஃபாரத்துல என்ன எழுதியிருக்கு, ரெண்டும் தெரிஞ்சதும் மாசிக் கணக்கோட எனக்கு எழுதுங்க, அதுக்குள்ள மார்ச் விலையும் வந்துரும், உக்காந்து போடுவோம்.