17 நாற்காலியும் ஒரு மேத்ஸ் டீச்சரும்

அக்கா, நீங்க அனுப்புன பதினோரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ சிட்னி வென்ட்வொர்த்வில் ஸ்டேஷன் கார் பார்க்லயே உக்காந்து ரெண்டு தடவ கேட்டேன். பையன் இயர் லெவன், தேர்வு வெச்சு சேத்துக்குற செலக்டிவ் ஸ்கூல், மார்க்கும் நல்லா வருது, மெடிக்கல் நுழைவுத் தேர்வு யூகேட் எழுதி மெடிசின் போவான்னு வீடே நெனச்சிட்டிருக்கு, திடீர்னு ஒருநாள் ராத்திரி சாப்பிடுறப்ப "நான் ரக்பி லீக் கோச் ஆகப்போறேன்"னு சொல்லிட்டான், அவங்கப்பா தட்ட அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சு போயிட்டார், மெல்பர்ன்ல இருந்து டாக்டர் மாமா முக்கால் மணி நேரம் அட்வைஸ், கோயம்புத்தூர் பெரியப்பா வேற தனியா. அழுதிருக்கீங்கன்னு குரல்லயே தெரிஞ்சது. பையன் கெட்டு ஒண்ணும் போயிடலக்கா, மொதல்ல தண்ணி குடிங்க.

ஆறுதல் அவ்ளோதான். இதுக்கு மேல எழுதப்போறது உங்களுக்கு பிடிக்காது, தம்பிக்கும் (உங்க பையனத்தான் சொல்றேன்) பாதி பிடிக்காது.

நம்ம வீடுகள்ல கோச்சிங்னா சனிக்கிழமை டியூஷன் சென்டர். அந்த கோச்சிங்குக்கு மூணாங்கிளாஸ்ல இருந்து காசு கட்டுன நீங்க, அவன் கோச் ஆகணும்னு சொன்னதும் ஏன் அப்படி பதறுனீங்கன்னு யோசிச்சு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. சரி விஷயத்துக்கு வரேன்.

தம்பிக்கு மொதல்ல. ரக்பி லீக்கோட பெரிய போட்டியான என்.ஆர்.எல்ல இப்ப 17 கிளப், 2027ல பெர்த் வருது, 2028ல பப்புவா நியூ கினி வருது, அதையும் சேத்தாலும் 19 ஹெட் கோச் சீட்டுதான். அதுல உக்காந்திருக்கவங்கள்ல முக்காவாசி பேர் ஃபர்ஸ்ட் கிரேட், அதாவது கிளப்போட மெயின் டீம்ல ஆடுனவங்க. பேரமட்டா ஈல்ஸ் ஜெர்சி போட்டுக்கிட்டு வீட்ல திரியுறான்னு சொன்னீங்கல்ல, அந்த ஈல்ஸ் கதையவே அவனுக்கு ஞாபகப்படுத்துங்க. பிராட் ஆர்தர் 2014ல இருந்து கோச், 2022ல டீம கிராண்ட் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டு போனவர், 2024 மே மாசம் சீசன் நடுவுல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து வருஷம் ஒரே கிளப்புல இருந்ததுக்கே இதுதான் மரியாதை. கொஞ்ச நாள்ல இங்கிலாந்துல லீட்ஸ்ல வேலை கெடச்சுது, நல்லது, ஆனா அது உலகத்தோட அந்தப் பக்கம். 2022ல பாருங்க, மே நடுவுல புல்டாக்ஸ்ல டிரென்ட் பேரட் தானா விலகுனார், ஜூன் மொத வாரத்துல வாரியர்ஸ்ல நேத்தன் பிரவுனும் வெஸ்ட்ஸ் டைகர்ஸ்ல மைக்கேல் மகுவயரும் போயாச்சு, நாலு வாரம் கூட ஆகல, மூணு சீட் காலி.

காரணம் ரொம்ப சிம்பிள். சாலரி கேப்னு ஒண்ணு இருக்கு, ஒரு கிளப் பிளேயர்களுக்கு இவ்ளோதான் செலவு பண்ணலாம்னு. டீம் தோத்துக்கிட்டே இருந்தா 30 பிளேயர தூக்க முடியாது, கான்ட்ராக்ட் இருக்கு, தூக்குனாலும் அந்த காசு பெரும்பாலும் கேப் கணக்குலயே தொங்கிக்கிட்டு இருக்கும். ரசிகர்களுக்கு ஏதாவது செஞ்சோம்னு காட்டணும். அப்ப மாத்துறதுக்கு ஈஸியான ஆள் யாரு, கோச்தான். அவர் போனா அவர் கூட்டிட்டு வந்த அசிஸ்டென்ட்ங்க, அவங்க கீழ இருக்குற அனலிஸ்ட், டிரெய்னர் எல்லாரும் அந்த வாரமே பயோடேட்டா தூசி தட்ட வேண்டியதுதான். 2020 மார்ச்ல கோவிட்னால ரெண்டே ரவுண்டோட போட்டி நின்னு மே 28 வரைக்கும் ஆட்டமே இல்ல, அந்த ரெண்டு மாசத்துல கிளப் ஸ்டாஃப் எத்தன பேர வீட்ல உக்கார வெச்சாங்கன்னு அப்ப நியூஸ் பாத்தவங்களுக்கு தெரியும்.

ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. அதே மகுவயர் 2014ல சவுத் சிட்னிக்கு கப் வாங்கிக் குடுத்தவர், 2017ல அங்க வேலை போச்சு, 2022ல டைகர்ஸ்ல போச்சு, அப்புறம் 2024ல நியூ சவுத் வேல்ஸ் டீமோட ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (மாநிலங்களுக்கு இடையில நடக்குறது) ஜெயிச்சார், 2025ல பிரிஸ்பேன் பிராங்கோஸ்க்கு கப். ஐவன் கிளியரிய 2015ல பென்ரித் அனுப்பிச்சாங்க, 2019ல அவங்களே திரும்ப கூப்பிட்டாங்க, 2021ல இருந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு கப். அதனால இந்த தொழில்ல வேலை போறது அவமானம் இல்ல, சம்பள ஸ்லிப் மாதிரி அதுவும் ஒரு பேப்பர், அவ்ளோதான். நடுவுல சும்மா இருக்குற ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வீட்டு லோன் யார் கட்டுவா, அதுதான் கேள்வி.

இங்கதான் உங்க மாமா "பாத்தியா, நான் சொன்னேன்ல, மெடிசின்தான் சேஃப்"னு குதிப்பார். இல்லக்கா. அவர் டாக்டர் ஆனது அவருக்கு பிடிச்சு. உங்க பையன் என்ன சொன்னான்னு நீங்களே அந்த மெசேஜ்ல எட்டாவது நிமிஷத்துல சொல்லிட்டீங்க, கவனிச்சீங்களா தெரியல. லோக்கல் கிளப்ல அண்டர் நைன் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலைல போய் சொல்லிக் குடுக்குறான், ஒரு பையனுக்கு டேக்கிள் பண்ண பயம்னு அவனுக்காக தனியா ஒரு நோட்டுல படம் போட்டு வெச்சிருக்கான்னு சொன்னீங்க. நான் இத்தன வருஷமா பசங்களோட உக்காந்து பேசுறேன், மெடிசின் வேணும்னு வர்ற பசங்கள்ல நூத்துல பத்து பேர் கூட இப்படி ஒரு நோட்ட காட்டுனதில்ல. ஆஸ்பத்திரிய பத்தி அவன் தானா ஒரு வார்த்தை பேசிருக்கானா? அவன யூகேட் பேக்கேஜ்ல தள்ளி, யுனிவர்சிட்டி சேர்க்கைக்கு பாக்குற ஏடார் ரேங்க் பத்தலைன்னா ஃபுல் ஃபீ சீட்டு, வீட்டு லோன டாப்-அப் பண்ணிக்கலாம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமே, அது வேண்டவே வேண்டாம். இதுல நான் பேச்சுவார்த்தைக்கே வரல. பையனுக்கு ஆசை இல்லாத படிப்புக்கு வீட்ட அடமானம் வெக்கிறது முதலீடு இல்லக்கா, சூதாட்டம். "அப்ப ஃபிசியோவாவது"ன்னு நீங்க கடைசில இழுத்ததும் அதே கேஸ்தான், சொந்தக்காரங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு பேரு வேணும்ங்கிறதுதான் உள்ள இருக்குது.

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்லாம் நீங்களே கூகுள்ல பாத்துக்குவீங்க, நான் அதுக்குள்ள போகல. யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிற ஒண்ண மட்டும் சொல்றேன். ஸ்கூல் டீச்சர். அதுலயும் வெறும் உடற்கல்வி டீச்சர் இல்ல, மேத்ஸ் பிளஸ் பி.டி.எச்.பி.இ (உடற்கல்வி, ஹெல்த் சேந்த பாடம்). மூஞ்ச சுளிக்காம கேளுங்க.

நாலு வருஷ டிகிரி, அதுல குறைஞ்சது 80 நாள் ஸ்கூல்ல பிராக், அதாவது பயிற்சி. பி.டி.எச்.பி.இ மட்டும் எடுத்தா ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் கூட்டம் அடிக்கும், ஏன்னா ஃபுட்டி பிடிச்ச பசங்க எல்லாரும் அதுக்குதான் வராங்க. மேத்ஸ் டீச்சருக்கு நேர் எதிர், மேற்கு சிட்னில பிரின்சிபல்கள் தேடிக்கிட்டு திரியுறாங்க. தம்பிக்கு மேத்ஸ் நல்லா வருது. அந்த ரெண்டையும் ஒரே ஆள் கைல குடுத்தா எந்த ஸ்கூல்காரன் வேண்டாம்பான்? கவர்மென்ட் ஸ்கூல்ல 2023 அக்டோபர்ல போட்ட ஒப்பந்தத்துல புது டீச்சர் சம்பளம் வருஷத்துக்கு 85,000 டாலர், அனுபவம் சேந்து மேல் படிக்கு போனா 1,22,100, அதுக்கப்புறமும் ஏறிருக்கு. பெர்மனென்ட் போஸ்டிங் கெடச்சிடுச்சுன்னா, டீம் அஞ்சு மேட்ச் தோத்துச்சுன்னு யாரும் உங்கள தூக்க மாட்டாங்க.

இப்ப டைம்டேபிள பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான். ஸ்கூல் மூணு மணிக்கு முடியுது, டிரெய்னிங் அஞ்சர ஆறுக்கு. சின்ன வயசு ரெப் (தேர்ந்தெடுத்த டீமுங்க ஆடுற) போட்டிங்க இருக்குல்ல, ஹெரால்ட் மேத்யூஸ் கப் 17 வயசுக்குள்ள, எஸ்.ஜி பால் 19 வயசுக்குள்ள, பொண்ணுங்களுக்கு டார்ஷா கேல் கப், இதெல்லாம் பிப்ரவரில ஆரம்பிக்கும், பிரீ-சீசன் நவம்பர்லயே தொடங்கிடும், நடுவுல டிசம்பர் ஜனவரி டீச்சருக்கு லீவு. ஆபீஸ் வேலைல இருக்குறவன் பாஸ்கிட்ட கெஞ்சணும், ஆஸ்பத்திரி ஷிஃப்ட்ல இருக்குறவன் மறந்துடலாம். இந்த லெவல்ல கோச்சுக்கு குடுக்குறது பெரும்பாலும் பெட்ரோல் காசுதான், அதனாலதான் பாதி பேர் ரெண்டு சீசன்ல ஓடிடுறாங்க, சம்பளம் வேற எடத்துல இருந்து வர்றவன் நிப்பான். அப்புறம் ஸ்போர்ட்ஸ் ஹை ஸ்கூல்னு இருக்கு, உங்க வீட்டுப் பக்கத்துல செவன் ஹில்ஸ்ல ஹில்ஸ் ஸ்போர்ட்ஸ் ஹை, ஃபேர்ஃபீல்ட் வெஸ்ட்ல வெஸ்ட்ஃபீல்ட்ஸ், அங்க ரக்பி லீக் ஸ்கூல் நேரத்துலயே நடக்கும். பகல்ல அல்ஜீப்ரா, அப்புறம் கிரவுண்டு, ரெண்டுமே அதே பசங்க.

இன்னொண்ணு. கிளாஸ்ல 28 பசங்கள கைக்குள்ள வெச்சுக்க தெரிஞ்சவனுக்கு டிரெஸ்ஸிங் ரூம் பெரிய விஷயம் இல்ல. ஆந்தனி சீபோல்ட் டீச்சரா இருந்தவர், 2018ல சவுத் சிட்னில இருந்தப்ப டேலி எம் (என்.ஆர்.எல்லோட வருஷ விருது) கோச் ஆஃப் தி இயர். (அடுத்த வருஷம் பிரிஸ்பேனுக்கு அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்ல போனார், 2020லயே வெளிய வந்தாச்சு, அதையும் தம்பி படிக்கட்டும்.) வெய்ன் பென்னட் போலீஸ்காரரா இருந்து வந்தவர், ஏழு கப். ரூஸ்டர்ஸ் கோச் டிரென்ட் ராபின்சன் ஃபர்ஸ்ட் கிரேட் ஆடுனது விரல் விட்டு எண்ணிடலாம், பிரான்ஸ் வரைக்கும் போய் கோச்சிங் கத்துக்கிட்டு வந்து 2013ல வந்த மொத வருஷமே கப். கிரெய்க் பெல்லமி பென்னட் கிட்ட அசிஸ்டென்டா இருந்து 2003ல மெல்பர்ன் போனவர், அப்புறம் நகரவே இல்ல. யாரோட ஒயிட்போர்ட தூக்குறோம்ங்கிறது இந்த தொழில்ல டிகிரிய விட பெருசு, கிளியரிகிட்ட அசிஸ்டென்டா இருந்த ரெண்டு பேர் 2023ல ஒரே நேரத்துல புல்டாக்ஸ், வாரியர்ஸ்க்கு ஹெட் கோச்சா போனாங்க. பெண்கள் பக்கமும் கதவு தெறக்குது, என்.ஆர்.எல் டபிள்யூ 2018ல நாலு டீமோட ஆரம்பிச்சது, 2025ல பன்னெண்டு. அங்கயும் அசிஸ்டென்ட் வேணும், வீடியோ வெட்டுறதுக்கு ஆள் வேணும்.

காசு. நீங்க சிட்டிசன்ஷிப் எடுத்துட்டீங்கன்னு சொன்னீங்க, அதனால ஹெக்ஸ் (படிப்புக்கு கவர்மென்ட் குடுக்குற கடன்) இருக்கு, இப்ப கைல இருந்து எதுவும் போடாதீங்க. 2025 கணக்குப்படி எஜுகேஷன், மேத்ஸ் பாடங்கள்லாம் கம்மி கட்டணப் படில, முழு வருஷத்துக்கு 4,627 டாலர் (உடற்கல்வி பாடம் சிலது அடுத்த படில வரும், அதுக்கு கூடும்). பெரியப்பா சொல்ற காமர்ஸ் 16,992. பிராக் போற வாரங்கள்ல வருமானத்த பாத்து கவர்மென்ட் காசு குடுக்குது, 2025 ஜூலைல ஆரம்பிச்சப்ப வாரம் 331 டாலர் சொச்சம். "கோச்சிங் டிப்ளமா, கிளப்ல பிளேஸ்மென்ட் கேரண்டி"ன்னு யாராவது பத்தாயிரம் இருபதாயிரம் கேட்டா போன வெச்சிடுங்க. அப்படி கேரண்டி குடுக்குற நெலமைல எந்த கிளப்பும் இல்ல, அவங்க ஹெட் கோச்சுக்கே கேரண்டி இல்லைன்னு மேலதான சொன்னேன்.

தம்பி செய்ய வேண்டியது: மேத்ஸ குறைக்கக் கூடாது, எக்ஸ்டென்ஷன் (கூடுதல் மேத்ஸ் பாடம்) ஒண்ணாவது இருக்கட்டும். 18 ஆனதும் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் (பசங்களோட வேலை செய்ய வேண்டிய அனுமதி) எடுக்கணும், வாலண்டியருக்கு காசு இல்ல. என்.ஆர்.எல் நடத்துற ஆரம்ப கோச்சிங் கோர்ஸ முடிச்சிட்டு அண்டர் நைன்ல இருந்து அண்டர் தர்ட்டீனுக்கு மாறட்டும், அங்கதான் ஆட்டம் ஆட்டமா ஆகும். நாலு வருஷம் கழிச்சு கிரவுண்டு அலுத்துப்போச்சுன்னா போகட்டும், கைல டீச்சர் வேலை இருக்கு. அலுக்கலைன்னா முப்பது வயசுல யாராவது ஒரு கிளப் கூப்பிடுறப்ப ஸ்கூல்ல சம்பளமில்லா லீவு கேட்டு பாத்துட்டு ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல கைய வெக்கலாம், அத அப்ப பேசிக்கலாம்.

பெரியப்பா போன் பண்ணா மேத்ஸ் டீச்சருக்கு படிக்கப்போறான்னு சொல்லுங்க, பொய் ஒண்ணும் இல்லையே. மாமாவுக்கு நானே பேசிக்கிறேன், நம்பர் அனுப்புங்க. புதன்கிழமை நாலரை மணிக்கு தம்பிய மட்டும் வரச் சொல்லுங்க, அந்த நோட்டையும் எடுத்துட்டு வரட்டும், நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்.