ஆழ்கடலில் தூண்டில் போட: முதல்முறை போகிறவர்களின் கேள்விகள்

விடுமுறைக்குத் தீவுக்குப் போகும்போது ஒரு நாள் வாடகைப் படகில் பெரிய மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டவை இவை. 15 ஆண்டுகளாக இப்படிப் போய், பலமுறை வெறுங்கையோடு திரும்பியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

தூண்டிலைத் தொட்டதே இல்லை. போகலாமா?

தாராளமாக. மீன் இருக்கும் இடத்தைத் தேடுவதும் இரை கட்டுவதும் படகுக்காரர்கள் வேலை. இரையைப் பின்னால் விட்டு மணிக்கு 7, 8 கடல்மைல் வேகத்தில் இழுத்துக்கொண்டே போவார்கள். ட்ரோலிங் என்பது இதுதான். மடிவலை இழுக்கும் ட்ராலிங் வேறு. மீன் இழுத்து, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ரீல் அலறிய பிறகுதான் உங்களுக்கு வேலை. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும்.

அரை நாள் போதுமா?

தீவைப் பொறுத்தது. ஹவாயின் கோனா போன்ற எரிமலைக் கரைகளில் துறைமுகத்தைத் தாண்டியதுமே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடும். அங்கே நான்கு மணி நேரம் போதும். பவளத்திட்டும் ஆழமற்ற நீரும் அகன்று கிடக்கும் தீவென்றால் போகவர நேரம் கரைந்துவிடும். முழு நாள் எடுங்கள்.

மீன் மாட்டியதும் என்ன செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். அது ஓடட்டும். ஓடும்போது ரீலைச் சுற்றினால் உங்கள் கைதான் ஓயும். நின்றதும் கழியை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். உயர்த்து, தாழ்த்திச் சுற்று, அவ்வளவுதான். இடையில் நரம்பு தொய்ந்தால் முள் கழன்றுவிடும். என் முதல் சூரையை அப்படித்தான் இழந்தேன், படகுக்கு இரண்டு முழம் முன்னால். ரீலில் டிராக் என்ற பிடிமானத் திருகு இருக்கும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அதை வைத்திருப்பார்கள். பதற்றத்தில் அதை இறுக்கினால் நரம்பு அறுந்துபோகும். எக்காரணம் கொண்டும் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரலே போய்விடும்.

குமட்டலுக்கு வழி?

மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. அறைக்குள் படுக்காமல், டீசல் புகை படாத இடத்தில் அடிவானத்தைப் பார்த்தபடி இருங்கள்.

பிடித்த மீன் நமக்குத்தானே?

இல்லாமலும் போகலாம். மீன் படகுக்கே சொந்தம், உங்களுக்கு இரண்டு துண்டு என்பது பல இடங்களில் வழக்கம். பணம் கட்டும் முன்பே கேளுங்கள். திரும்பி வந்து கரையில் நின்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லா மீனையும் தின்னலாமா?

கூடாது. பவளப்பாறைகளை ஒட்டி வேட்டையாடும் பெரிய சீலா, களவா ஆகியவற்றில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது, சுவையிலும் தெரியாது. எந்த மீனைத் தவிர்க்க வேண்டும் என்பதை உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். சூரையில் சிக்கல் வேறு: உடனே பனிக்கட்டியில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஏறி, தின்றவர் உடம்பு சிவந்து தடிக்கும்.

ஈட்டி மூக்குள்ள பெரிய மீனான மார்லினைப் படகில் ஏற்றிப் படம் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். நீல மார்லினில் ஆண்கள் பெரிதாக வளர்வதில்லை. நீங்கள் பெருமைப்படும் அந்த ராட்சத மீன் அநேகமாக முட்டையிடும் பெண். நீரிலேயே வைத்துப் படமெடுத்து விட்டுவிடுங்கள். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், வயிற்றுக்குள் போகாது. 1953இல் பெருவின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரெட் கிளாசெல் என்பவர் தூண்டிலில் பிடித்த கறுப்பு மார்லின் சுமார் 707 கிலோ. அந்தக் கனவோடு போகாதீர்கள்.

சாப்பிட வாழைப்பழம் கொண்டுபோகலாமா?

வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் விழாது என்பது பல படகுக்காரர்களின் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கரையிலேயே தின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன்.