நூல் பிடித்து அளக்கும் வான்வழி: மலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

விமானங்களுக்குப் பயணத்திட்டம் போடும் வேலையில் இருந்து ஓய்வுபெற்று, குன்னூரில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டவை இவை.

கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி: சார், வான்வழித் தூரத்தை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

ஸ்கேல் ஏமாற்றிவிடும்மா. பள்ளியில் உலக உருண்டை இருக்குமே, அதில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடி. நூல் படியும் வழிதான் மிகக் குறைந்த தூரம். டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பிடித்துப் பார், நூல் வட துருவத்துப் பக்கமாக ஏறி இறங்கும். அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து எத்தனை பாகை நீளம் என்று பார்த்து, ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று கணக்குப் போடு.

குன்னூர்: கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்தித் தீவுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அண்ணா?

சுமார் 470 கி.மீ. அகத்தியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். அதனால் ஏடிஆர் போன்ற சிறிய விமானம்தான் இறங்கும், வேகம் மணிக்கு 500 கி.மீ. வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வருகிறது. ஆனால் ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு நகரவும் அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டன்: என் வீட்டுக்காரருக்கு லடாக்கின் லேயில் பணி. ஸ்ரீநகர் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போய் ஏறினால் சீக்கிரம் போய்விடலாமா?

உங்கள் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது, அம்மா. ஸ்ரீநகரிலிருந்து லே வான்வழியே 255 கி.மீ., முக்கால் மணி நேரப் பயணம். சாலையில் சோஜிலா, கார்கில் என்று சுற்றி 420 கி.மீ.க்கு மேல். ஆனால் இங்கிருந்து கிளம்புகிறவருக்கு டெல்லி வழிதான் வசதி: 620 கி.மீ., சுமார் ஒன்றேகால் மணி நேரம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, எந்த நேரத்து விமானம் என்பதை. லே விமான நிலையம் 3,250 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. வெயில் ஏறினால் இன்னும் மெலிந்து இறக்கையின் தூக்குவிசை குறையும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் பலத்த காற்றும் கிளம்பும். அதனால்தான் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போகின்றன. அன்று வானிலை கெட்டால் மறுநாள்தான். திரும்பி வரும்போது டெல்லியில் அடுத்த விமானத்தை அன்றைக்கே வைக்காதீர்கள். போனதும் இரண்டு நாள் நன்றாக ஓய்வெடுங்கள். வெலிங்டனில் பழகிய உடம்புக்கும் அந்த உயரம் புதிதுதான்.

ஊட்டி: விமானத்துக்குள் எனக்கு மூச்சுத் திணறுமா, தம்பி? வயது 71.

பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர். அந்தக் காற்றைத்தான் நீங்கள் தினமும் சுவாசிக்கிறீர்கள், ஐயா. மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைக்கிறதே, தரையிறங்கும்போதும் அதேதான். எச்சில் விழுங்கினால் போதும். இதய, நுரையீரல் தொந்தரவு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கோத்தகிரி: உலகத்திலேயே குட்டி விமானப் பயணம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே. 2.7 கி.மீ., இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஊட்டி: கோவை பீளமேடு விமான நிலையம் நமக்கு எவ்வளவு தூரம்?

நூல் பிடித்தால் 56 கி.மீ.தான். சாலையில் 95 கி.மீ. அளவுக்கு வரும், மூன்று மணி நேரம் ஆகும். சீசனிலும் மழைக்காலத்திலும் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்லியார் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் எல்லாமே நின்றுவிடும்.